ஏலக்காய் மூட்டையும் என் மகளின் இளைப்பும்

போன வெள்ளிக்கிழமை மதியம் என் மகள் ஹனாவுக்கு மூச்சு இளைத்தது. நான்கு வயதுப் பிள்ளை. விலா ஒட்டி ஒட்டி எழும்புகிறது, நெஞ்சுக்குள் விசில் கேட்கிறது...

உடனே டாக்டரிடம் ஓட வேண்டியதுதானே? ஓடினோம். ஆனால் ஆட்டோ வருவதற்குள்ளேயே எங்கள் வீட்டில் விசாரணை தொடங்கிவிட்டது.

"மலைமேல போடிமெட்டுக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு சொன்னேன்ல? ஜீப்புல பனிக்காத்து பூரா நெஞ்சுல ஏறிருச்சு" - இது மதினி. என் கணவரின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார்.

"பனியா? நீ போட்ட சாம்பிராணிப் புகைல எனக்கே கண்ணு தெரியலக்கா!" - இது கணவர்.

"ஆமாடா, வெள்ளிக்கெழம சாம்பிராணி போட்டது குத்தம். நடுவீட்டுல ஏலக்கா மூட்டைய அடுக்குனவன் யோக்கியன்!"

எங்கள் ஏலக்காய்க் கடையின் கூரை மழையில் ஒழுகுகிறது என்று மூட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தது கணவர். அவற்றைச் சல்லடையில் சலித்து ரகம் பிரித்தது நானும் மதினியும். ஆனால் அந்த மூட்டைகளை ஒட்டிப் பிள்ளைக்குப் பாய் விரித்தது? நான்தான். ஏலக்காய் வாசம் சளிக்கு நல்லது என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்புகிறோம். வாசத்தோடு தூசியும் வரும் என்று படித்த மூளைக்கு ஏன் தோன்றவில்லை?

டாக்டரம்மா நெபுலைசர் மாஸ்க்கை மாட்டிவிட்டார். "இது யாரால வந்துச்சு டாக்டர்?" என்று கேட்டேன். யாரால்! எதனால் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

"இதுக்கு ஒத்தக் காரணம் கெடையாதும்மா. ஒடம்புவாகு கொஞ்சம், சளி கொஞ்சம், பனி, புகை, தூசி... ஒண்ணொண்ணும் கொஞ்சம் தள்ளிவிடும். ஒடம்புவாக நம்மால மாத்த முடியாது. மத்ததுல எதையெல்லாம் மாத்தலாம்? அதச் சொல்லுங்க."

அதுவரை ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள், போட்டி போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"மூட்டைய இன்னைக்கே கடைக்கு ஏத்திர்றேன். கூரைக்குத் தார்ப்பாய் போட்டுக்கலாம்" என்றார் கணவர்.

"சாம்பிராணிய விட்டுர்றேன் டாக்டர். சலிக்கிற சோலியும் இனி கடையிலதான்" என்றார் மதினி.

"பாய விரிச்சது..." என்று ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது.

மதினி என் கையைப் பிடித்தார். "நீ ஒருத்தியேதான் எல்லாத்தையும் செஞ்சியாக்கும்? எங்களுக்கும் கொஞ்சம் விட்டு வையி ஆத்தா!"

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

யார் காரணம் என்று கேட்டால் நாம் எல்லோரும் விலகி நிற்கிறோம். ஒருவர் தலையில் மொத்தத்தையும் கட்டிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம். அம்மாக்களோ... யாரும் கட்டாமலே மொத்தத்தையும் தாங்களே தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் பிள்ளைக்கு என்ன லாபம்? என் பங்கு இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகுதான், அழுகையை நிறுத்திவிட்டுப் பாயைத் தூக்கி ஜன்னல் பக்கம் போட எனக்குக் கை வந்தது. மழை விட்டதும் தார்ப்பாயும் ஏறிவிட்டது.

இன்று காலை ஹனா மாடிப்படியில் ஒரே மூச்சில் ஓடி ஏறினாள். அதற்கு யார் காரணம் என்று வீட்டில் ஒருவரும் சண்டை போடவில்லை.