குரல் மாறினால் சொல்லு

நோயாளி வாயை மூடினால் நான் கத்த வேண்டும், அப்படியொரு உத்தியோகம்.

ஐம்பதுகளில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஹட்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன், தோட்டத்து ஜனங்களுக்கு 'மிஸ்ஸி'. கழுத்துக் கழலையை எடுக்கும்போது மரத்துப்போக ஊசி மட்டும்தான் போடுவார்கள், ஆள் முழித்திருப்பார். கழலைக்குப் பின்னால் குரலுக்குப் போகிற நரம்பு நூல் மாதிரி ஓடுகிறது. இடுக்கி அதைப் பிடித்துவிட்டால் குரல் கம்மும். உடனே விட்டால் தப்பலாம். டாக்டருக்குத் தமிழ் வராது. அதனால் நான் தலைமாட்டில் துணிக்குள் குனிந்து பேச்சுக் கொடுப்பேன். "குரல் மாறினால் அந்த நிமிஷமே சொல்லு" என்பது அவர் உத்தரவு. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுத்துப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கங்காணியின் பெரட்டு

கந்தப்பளைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி ஒருவர். பேசச் சொன்னதும், காலையில் வேலையாட்கள் வரிசையாக நிற்கிற பெரட்டில் ஆள் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு பேராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கழுத்தில் கத்தி இருக்கிறது, மனுஷர் "ராமாயி! எங்க போய்த் தொலைஞ்ச?" என்கிறார்! பாஷை தெரியாத டாக்டரே முகமூடிக்குள் சிரித்துவிட்டார்.

கட்டுப் போட்ட பிறகு கங்காணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குரலு போயிருந்தா நான் கங்காணி இல்லீங்க மிஸ்ஸி, வெறும் தலப்பாதான்."

வீட்டுக்காரர் பேர்

திம்புள்ளப் பக்கத்து லெட்சுமி நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். பேச்சு தீர்ந்துபோய், "உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று கேட்டுத் தொலைத்தேன். சத்தமே இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். ம்ஹும். "பேச்சு நின்னுடுச்சு!" என்று டாக்டருக்கு இங்கிலீஷில் கத்தினேன். டாக்டர் இடுக்கியை விட்டுவிட்டு அப்படியே நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

அப்போதுதான் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது, கணீரென்று.

"கழுத்த அறுங்க, பொறுத்துக்கிறேன். அவுக பேர நான் எப்படிங்க சொல்றது?"

பாக்கியத்தின் பிள்ளைகள்

அன்று டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது மனதிலேயே இருந்தது.

அடுத்த மாதம் பாக்கியம் என்று, தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒருத்தி வந்தாள். புருஷன் பேரைக் கேட்பேனா நான்? பிள்ளைகள் பேரைக் கேட்டேன். ஐந்து பேர். "மூத்தவன் முருகேசு, அடுத்தது செல்வி, அப்புறம் ராணி..." மூன்றாவது பேரில் குரல் கம்மியது. பிள்ளைகள் நினைப்பில் அழுகை முட்டுகிறதாக்கும் என்று நினைத்தேன். இன்னொரு தடவை வீணாகக் கத்தி ஏச்சு வாங்கவும் பயம். "அழாதம்மா" என்று கன்னத்தைத் துடைத்தேன். கன்னம் ஈரமாக இல்லை. அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு வாரம் கழித்து, வீட்டுக்குப் போகிற அன்று, பாக்கியம் என்னைக் கிட்ட கூப்பிட்டாள். வெறும் காற்றுதான் வந்தது. காதை வாயருகே வைத்துக் கேட்டேன்.

"அன்னைக்கு ரெண்டு பேரு மிச்சம் மிஸ்ஸி. கனகு, சின்னராசு. இனிமே நான் கூப்பிட்டா அதுங்களுக்குக் கேக்குமா?"