அரூர் பாயும் எங்கள் கேமராவும்

எண்பதுகளில், கல்லூரியில் படித்தபோது, நாங்கள் மூன்று பேர் ஓர் ஆவணப்படம் எடுத்தோம். அரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே பிரியாணி ஓட்டல் நடத்திய பாய்தான் கதாநாயகன். பெரிய தொப்பை, மருதாணி போட்ட தாடி. மேஜை மேஜையாகப் போய், "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கேமராவை அவர் பக்கம் திருப்பினால் மட்டும் சிலையாகிவிடுவார்.

கடைசியில் பிலிம் தீர்ந்துவிட்டது. அதைச் சொன்னதும் பாய் நிம்மதிப் பெருமூச்சு விட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வூட்ல நான் ஒண்டிக்கட்டைங்க தம்பி. தனியா தின்னா சோறு எறங்க மாட்டேங்குது. அதுக்குத்தான் ஓட்டலே வெச்சேன்."

படம் பிடித்த நண்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். பாய் சிரித்தபடி எங்களோடு சாப்பிட்டார்.

படத்தைப் பார்த்த எங்கள் பேராசிரியர், "இவர் ஊமையா?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.