நான் தேற வைத்த பரீட்சை

இது நடந்து ஆறு வருடமாகிறது. பட்டப்படிப்பை முடித்த கையோடு, கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், நரம்பியல் பேராசிரியர் ஒருவரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். குண்டசாலையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸில் போய் வருவேன். அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், கைநாட்டு வைப்பவர்கள். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் தந்த பெயர் அட்டையை பஸ்ஸில்கூடக் கழுத்திலிருந்து கழற்ற மாட்டேன்.

பேராசிரியரை சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிங்களவர். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள்தான் அவருடைய துறை. கண்ணில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் பார்வை போய்க்கொண்டிருக்கும். கோளாறு மூளைப் பக்கம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் மிகச் சிலர். வெளிநாட்டில் படித்து அங்கேயே நல்ல வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு வந்து, சாமான் போட்டிருந்த ஒரு பழைய அறையைத் துப்புரவாக்கி அந்தக் கிளினிக்கைத் தொடங்கியிருந்தார்.

அங்கே பார்வையின் பரப்பை அளக்கும் ஒரு இயந்திரம் இருந்தது. பெரிய வெள்ளைச் சட்டி போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கும் இங்கும் சின்ன வெளிச்சங்கள் வந்து போகும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். தெரியாத இடமெல்லாம் தாளில் கறுப்பாக விழும். பள்ளிக்கூடமே போகாத ஒருவர் முதல்முறையாக இதன் முன்னால் உட்கார்ந்தால் அந்தத் தாளை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் சேரின் ஆராய்ச்சி. தோட்டத்து ஆட்களுடன் பேசத்தான் தமிழ் தெரிந்த என்னை எடுத்தார். நல்ல தாள், கெட்ட தாள் எல்லாம் வேண்டும், ஒன்றையும் எறியாதே என்று முதல் நாளே சொன்னார்.

அந்த அறையிலிருந்த நர்ஸ் நல்லவள்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. "இன்றைக்குத் தோட்டத்து ஆட்களா? அப்ப நமக்குச் சோறு மூன்று மணிக்குத்தான்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன். உள்ளே எரியும். நான் தோட்டத்துப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அதனால் ஒரு பழக்கம் வந்தது. யாருக்காவது தாள் மோசமாக வந்தால், விளங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை நன்றாகச் சொல்லிக்கொடுத்துத் திரும்பவும் செய்ய வைப்பேன். இரண்டாவது தாள்தான் ஃபைலுக்குப் போகும். முதலாவதை மேசை லாச்சியில் போட்டுவைத்து, அதன் வெற்றுப் பின்பக்கத்தில் வேறு வேலைகளுக்குக் குறிப்பு எழுதுவேன். நம் ஆட்கள் மட்டமில்லை என்று காட்டுவதாக நினைப்பு.

ஒரு நாள் திகனைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பல மாதமாகத் தலையிடி. இயந்திரத்தைப் பார்த்ததும், "என்னா மிஸ், குண்டாவுக்குள்ள தலைய விடச் சொல்றீங்க, மூடிற மாட்டீங்களே?" என்றார்.

இயந்திரத்தில் நாடியை வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு கைப்பக்கமும் கொழுந்த விட்டுட்டுப் போறேன்னு கங்காணி ஏசுறாரு மிஸ். நேரா இருக்கிறதத்தான் பறிக்கிறேனாம். வயசாயிருச்சாம் எனக்கு."

தோட்டத்துக் கதை என்று நினைத்தேன். படிவத்தில் 'தலையிடி' என்று மட்டும் எழுதினேன்.

முதல் தாளில் இரண்டு ஓரமும் கறுப்பு. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அக்கா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும் டிக்குனு சத்தம் கேக்குதில்ல? அப்ப வெளிச்சம் வருதுன்னு அர்த்தம். சத்தம் கேட்டதும் அமுக்குங்க" என்றேன்.

இரண்டாவது தாள் வெள்ளையாக வந்தது. அன்று சேர் ஊரில் இல்லை. இளைய டொக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தலையிடிக்கு மாத்திரை எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். "பாஸா மிஸ்?" என்று அக்கா கேட்டார். பாஸ் என்றேன்.

மூன்று மாதத்துக்கு முன்பே அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். எழும்பியபோது கண் தெரியவில்லை. மூளைக்கு அடியில், இரண்டு கண்ணின் நரம்புகளும் சந்திக்கிற இடத்தில் ஒரு கட்டி. அது நரம்பை அழுத்தி, இரண்டு ஓரத்துப் பார்வையையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தது. இப்போது அதற்குள் இரத்தம் கசிந்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் பாதிதான் மிஞ்சியது.

சேர் ஃபைலை விரித்து என் முன்னால் வைத்தார். இப்படியொரு கட்டிக்கு இப்படியொரு தாள் வராது, வேறு தாள் இருக்கிறதா என்று கேட்டார். லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் நான் மாதாந்தக் கூட்டத்துக்கான குறிப்பு எழுதியிருந்தேன். கொழுந்து விட்டுப்போன கதையையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது அந்தப் பெண்ணின் தாள். இது உன் தாள்" என்றார். பிறகு என் தாளின் மேல் மூலையைக் காட்டினார். இயந்திரம் இடையிடையே வெளிச்சம் இல்லாமல் சத்தம் மட்டும் போட்டுச் சோதிக்கும்; அப்போது எத்தனை தடவை அமுக்கினார் என்று அதுவே அங்கே போட்டிருந்தது. நம்பவேண்டாம் என்கிற அளவுக்கு அது கூடியிருந்தது. டொக்டரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

எட்டு மாத வேலையை சேர் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார். நான் பரிசோதித்த எல்லோரையும் திரும்ப வரச்சொல்லிக் கடிதம் எழுதவைத்தார், தமிழில், என் கையால். சிலர் வந்தார்கள். சிலருடைய கடிதம் திரும்பி வந்தது. சிலரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. அவர்களுக்கு என்ன ஆனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவிடம் நடந்ததை நானே சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சேர் தானும் வருவதாகச் சொல்லி, வார்டு வாசல்வரை வந்து நின்றுகொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, நானும் தோட்டத்துப் பிள்ளைதான் என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"அப்ப மொதல்ல நான் அமுக்குனதுதான் சரியா?"

"ஆமாங்க அக்கா."

"ரெண்டாந் தடவ சத்தத்துக்கு அமுக்கயில, நெறைய தடவ வெளிச்சத்தக் காணலியேன்னு எனக்குப் பட்டுச்சு. படிச்ச புள்ள சொல்லுது, நமக்கு என்னா தெரியும்னு விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். "பாத்ரூமுக்குப் போவணும். கையப் புடிங்க" என்றார். பிடித்துக்கொண்டு போனேன். இடதுபக்கம் சுவர் இருப்பது தெரியாமல் தோளை இரண்டு தடவை இடித்துக்கொண்டார். இரண்டு தடவையும் நான் பிந்தித்தான் இழுத்தேன்.

இப்போதும் அதே கிளினிக்கில்தான் இருக்கிறேன். நோயாளி சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். படித்ததில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் நான் படித்தவள் என்பதற்காக ஒருவர் தன் கண்ணால் கண்டதையே விட்டுவிட்டு என் சொல்லை நம்பினார் என்பதை நினைத்தால் இன்றும் பயம் வருகிறது. அந்தப் பயம் எனக்கு ஒருநாளும் பழகிப்போகக் கூடாது.