சங்கரன் திருத்திய முப்பத்தேழு படிவங்கள்

வடக்கே ஆகுர்டி என்ற தொழில்நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சங்கரன் தரச் சோதனையாளர். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் ஒரு போல்ட் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். இந்தத் திறமையை வீட்டிலும் காட்டியதில், அவருடைய மனைவி சந்திரிகா தோசையை வட்டமாக ஊற்றும் முயற்சியையே கைவிட்டிருந்தாள்.

தங்கை வேதநாயகி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சங்கரன் சொல்லியிருக்கிறார். எதைப் பற்றி என்று அவர்கள் கேட்டால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டார்.

"படிக்கப் பிடிக்காதப்போ பசங்க தங்களைத் தாங்களே எப்படிப் படிக்க வெச்சுக்கறாங்கன்னு அளக்கறேன் அண்ணா."

"எதால அளப்பே?"

"கேள்வித்தாளால."

அளப்பது என்றதும் சங்கரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த டிப்ளமோ மாணவர்கள் நூற்றிருபது பேரிடமும் தாமே எழுதி வாங்கித் தருவதாகச் சொன்னார். மேலாளரிடம் அனுமதியும் வாங்கினார்.

வாங்கும்போதே ஒவ்வொரு படிவத்தையும் சோதித்தார். 'பாடம் சலித்தாலும் விடாமல் படிப்பேன்' என்ற நாலாம் கேள்விக்கு ஐந்து, அதாவது 'முழுக்கச் சரி' என்று போட்ட பையன், 'சலித்தால் புத்தகத்தை மூடிவிடுவேன்' என்ற பத்தொன்பதாம் கேள்விக்கும் ஐந்து போட்டிருந்தான். ரெண்டும் எப்படிப்பா சரியாகும் என்று இந்தியில் கேட்டு, திருத்திக்கொண்டு வரச் சொன்னார். இப்படி முப்பத்தேழு பேர் திருத்தினார்கள். குறையே இல்லாத கட்டைத் தங்கையிடம் கொடுத்தபோது சங்கரனுக்கு நடை கொஞ்சம் மாறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள்.

"ஒருத்தர்கூடக் கவனமில்லாம எழுதலையே அண்ணா. அது எப்படி?"

"எப்படி எழுதுவாங்க? நான் பக்கத்துலயே நின்னேனே." நடந்ததைப் பெருமையாகச் சொன்னார்.

வேதநாயகி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "கேள்வியைப் படிக்காமலே டிக் பண்றவங்களைப் பிடிக்கத்தான் ஒரே விஷயத்தை மாத்தி ரெண்டு தடவை கேட்டேன். அவங்களை நீ டியூஷன் வெச்சு பாஸ் பண்ண வெச்சிருக்கே. எதெதை நீ திருத்த வெச்சேன்னு தெரியாம நூத்திருபதையும் தூக்கிப் போடணும். பசங்களும் ஊருக்குப் போயாச்சு. பத்து நாள்ல நான் கைடுகிட்ட முடிவைக் காட்டணும்."

தங்கையின் மூன்று வருட உழைப்பை ஒரே மதியத்தில் பாலிஷ் போட்டுக் கெடுத்த ஆள் என்று தன்னைச் சங்கரனே நினைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "எதெதுன்னு தெரியும்," என்றார். எதைத் திருத்தினாலும் பழைய அளவையும் புதிய அளவையும் எழுதி வைப்பது தொழிற்சாலை வழக்கம். படிவ எண், முதலில் போட்ட விடை, மாற்றிய விடை, நேரம் எல்லாம் ஒரு நோட்டில் இருந்தன.

அவள் நோட்டை வரிவரியாகப் பார்த்தாள். "இந்த முப்பத்தேழையும் எடுத்துடறேன். மீதி எண்பத்து மூணு. எனக்கு எண்பது போதும்."

"அப்பாடா."

"ஆனா இதை ஆய்வேட்டுல ஒத்துக்கணும். படிவம் வாங்கியவர் தலையிட்டதால முப்பத்தேழு நீக்கப்பட்டனன்னு ஒரு வரி."

சங்கரன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "அந்த வரி எத்தனாவது பக்கத்துல வரும்?"