செவிலிமேட்டில் கரண்ட் போன காரணம்

செவிலிமேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திடீரென்று காற்று சுழற்றியடிக்கிறது, கூடவே தூறல். பக்கத்து மாவு மில்லுக்குள் ஒதுங்குகிறேன். மறு நிமிடம் கரண்ட் போய்விடுகிறது. கிரைண்டரில் யாருடைய இட்லி மாவோ பாதி அரைபட்டு நிற்கிறது.

மில் நடத்தும் அம்மா உடனே கரண்ட் ஆபீசுக்குப் போன் போடுகிறார்.

“காத்து, மழைன்னு கதை சொல்லாதப்பா! இது என்னா மலைக்காடா? ரெண்டு தூத்தலுக்கே கரண்டு பூடுமா? ஒயர ஒழுங்கா பாத்துக்கினு இருந்தா ஏன் போவுது?”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். “வெளியூரா சார்? பாத்தீங்களா எங்க நெலமைய?”

“எங்க ஊர்லயும் இதே கதைதாம்மா” என்கிறேன். அவருக்கு அது போதவில்லை. காத்திருக்கும் பெண்களிடம் திரும்பி, கரண்ட் ஆபீஸ்காரர்களை மறுபடி முதலிலிருந்து திட்டத் தொடங்குகிறார்.

தூறல் விட்டதும் லைன்மேன் பைக்கில் வருகிறார். எதிர்க் கம்பத்தில் ஏறுகிறார். மாவுத் தூக்குகளோடு எல்லோரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம்.

“காத்துதாம்மா காரணம்!” என்று மேலிருந்து கத்துகிறார். “மாடியில ஆறப்போட்ட பட்டுப்பொடவ பறந்து வந்து ஒயர்ல சுத்திக்கினு இருக்குது. யாரு ஊட்டுதுப்பா, மாம்பழக் கலரு?”

மில் அம்மாவின் குரல் மிகவும் மெல்லியதாக எழுகிறது.

“மெதுவா எடு கண்ணு. ஜரிகை கிழிஞ்சிடப் போவுது.”