அம்மா மட்டும் சிவப்பு

வீடுகளில் விளக்கு, கதவு, கேமரா எல்லாவற்றையும் கைப்பேசியோடு இணைத்துக் கொடுப்பது என் அண்ணனின் பிழைப்பு. அவை இணைப்பில் இருக்கின்றனவா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கும் பட்டியல் ஒன்றையும் வைத்துத் தருவான். பதில் வந்தால் பச்சை. தொடர்ந்து மூன்று தடவை வராவிட்டால் சிவப்பு. "ஒரு தடவை பதில் வரலைன்னா பயப்படக் கூடாது. போனும் கண்ணசரும்" என்பான்.

எங்கள் பெற்றோர் வீட்டிலும் அதை மாட்டியிருந்தான். அம்மா கேமராவுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் என்ன நகைக்கடையா?" ஆகவே இருவரின் கைப்பேசிகளையும் பட்டியலில் சேர்த்திருந்தான்; அவை வீட்டில் இருக்கின்றனவா, வெளியே போயிருக்கின்றனவா என்பதையும் அது காட்டும். எட்டு மாதத்துக்கு முன் அப்பா இறந்து, அம்மா தனியான பிறகு, அண்ணன் சாப்பிடும்போதும் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருப்பான். அண்ணி அவனுக்கு வைத்த பெயர் சி.ஐ.டி.

போன மாதம் ஒரு பல் மருத்துவர் வீட்டில் அவன் ஏணிமேல் நின்றிருந்தபோது அம்மாவின் கைப்பேசி சிவப்பானது. கூடத்து விளக்கு பச்சை, கெட்டில் பச்சை. ஆக, மின்சாரமும் இணையமும் இருக்கின்றன, அம்மாதான் இல்லை. அழைத்தான். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மாடி வீட்டில் ஆள் இல்லை. அப்பா விழுந்ததும் இப்படி ஒரு வேலை நாளில்தான். எங்களுக்குத் தெரிய இரண்டு மணி நேரமாயிற்று. ஏணியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினான்.

பாதி வழியில் என்னை அழைத்தான். குரல் அவனுடையதாகவே இல்லை.

"டேய், அப்பா பச்சையா இருக்காருடா. பட்டியல்ல."

அப்பாவின் கைப்பேசியை நீக்க அவனுக்கு மனம் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வண்டிய ஓரமா நிறுத்து. அந்த போன் பீரோவுலதானே இருந்துச்சு? சாவி யார்கிட்ட?"

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது.

"அம்மாகிட்ட."

"அப்போ அம்மாதான் எடுத்து சார்ஜ் போட்டிருக்காங்க. நல்லா நடமாடிக்கிட்டு இருக்காங்க. மெதுவா போ."

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாராம். கைப்பேசி துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்துவிட்டது. எங்கள் எண்கள் ஒன்றும் மனப்பாடம் இல்லை. அப்பாவின் கைப்பேசிப் பூட்டைத் திறக்கவும் தெரியாது.

"திறக்கலைன்னா என்ன, ஆன் பண்ணினாலே உனக்குக் காட்டும்னு நீதானே சொன்னே? பார்த்ததும் புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்."

"புரிஞ்சுதும்மா. தம்பி சொன்னப்புறம்."

"லட்சணம்! இதுல ஊருக்கெல்லாம் வேற மாட்டிக் குடுக்கிற."

அண்ணன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தானாம். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனதாம். அப்பாவின் பூட்டு அவனுக்குத் தெரியும். திறந்து, அம்மாவின் சிம்மை அதில் போட்டான்.

"பட்டியல்ல பேரை மாத்திடட்டுமா?"

"எதுக்கு? இருந்துட்டுப் போகட்டும்."

இப்போதெல்லாம் காலை பத்து மணிக்கு அப்பா காய்கறி வாங்க வெளியே போகிறார். முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார். அந்தப் பட்டியலை என் கைப்பேசியிலும் போட்டுத் தரும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.