பதினொரு சிவப்பு முகங்கள்

டர்பன்டைனும் எண்ணெய்க் கலரும் கலந்த வாசனை எங்கள் வீட்டு முன்னறையில் எப்போதும் இருக்கும். ஆம்பூரில் மற்ற வீடுகளில் எல்லாம் சுண்ணாம்பில் ஊறிய தோலின் நாற்றம் வாசற்படி தாண்டி அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்க, எங்கள் வீட்டில் மட்டும் அது அம்மாவின் சின்னக் கண்ணாடிப் புட்டிகளிடம் தோற்றுப்போய், சாயங்காலம் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து அப்பா திரும்பும்போதுதான் அவர் வேட்டியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். அம்மாவின் வேலை போட்டோக்களுக்குக் கலர் போடுவது. வேலூரில் மிஷன் போர்டிங் பள்ளியில் படித்தபோது ஒரு வெள்ளைக்காரம்மா பழக்கிவிட்ட கை அது. ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, கலரில் ஒரு பொட்டுத் தொட்டு, சாம்பல் நிறக் கன்னத்தில் வட்டமாக அவள் தேய்க்கத் தேய்க்க, செத்தமாதிரி கிடந்த முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். கலர்ப்படம் எடுக்கிற கேமராவைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டிராத காலம். கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த நாயுடு படங்களை எடுத்து, கழுவி, அட்டையில் ஒட்டி, பின்பக்கம் "மாநிறம்", "புடவை மாம்பழக் கலர்" என்று பென்சிலால் எழுதி எங்கள் வீட்டுக்கு அனுப்புவார்.

அப்படி வந்தவற்றில் பன்னிரண்டு படங்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அவற்றை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பெரிய யுத்தம், அதாவது முதல் உலக யுத்தம், முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் புதிதாக ஒரு ஹால் கட்டினார்கள். பேப்பர் படிக்க ஒரு மேசை, பிரசங்கம் செய்ய ஒரு மேடை, சுவரில் இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர்களின் படங்கள், எல்லாம் கலரில் என்று ஏற்பாடு. மேலிடத்திலிருந்து வந்த பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. பதினொரு பேர் பட்டாளத்துச் சிப்பாய்களும் ஹவில்தார்களும். பன்னிரண்டாவது ஆபிரகாம், என் அப்பா.

அப்பா துப்பாக்கி பிடித்தவர் அல்ல. சுமை தூக்கும் படையில் சேர்ந்து, கடல் தாண்டி ஈராக்கிலுள்ள பஸ்ராவுக்குப் போனவர். அங்கே இரண்டு வருஷம் மூட்டையும் மனிதர்களையும் சுமந்துவிட்டு, குளிர்க்காய்ச்சலோடு திரும்பி, மறுபடியும் தோல் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர். அவருக்கும் மெடல் வந்தது. சிப்பாய்களுக்கு வந்த அதே மெடல், அதே ராஜா தலை, அதே ரிப்பன். ஆனால் சிப்பாய்களுடையது வெள்ளி. சுமை தூக்கியவர்களுடையது வெண்கலம். சாவுக்குப் பக்கத்தில் போய் வந்தவர்களுக்குள்ளும் இப்படி உலோகத்தில் ஒரு கோடு கிழிக்க யாருக்கோ மனசு வந்திருக்கிறது!

கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தக் கோடு தெரியாது. பன்னிரண்டு பேரும் நாயுடுவின் ஒரே நாற்காலியில், ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மார்பிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப்போகிற வெள்ளைச் சட்டையில் இருந்தார். அவர் ஆயுசில் எடுத்த முதல் போட்டோ அதுதான், அப்புறமும் எடுக்கவில்லை.

அம்மா அந்தப் பன்னிரண்டு பேருக்கும் உள்ளது உள்ளபடி கலர் போட்டாள். படமெடுத்த அன்று ஸ்டூடியோவில் நின்று ஒவ்வொருவர் நிறத்தையும் குறித்து வைத்திருந்தாள். கறுத்தவர் கறுப்பாக, மாநிறத்தவர் மாநிறமாக, அப்பா அப்பாவாக வந்தார்கள். அப்பாவின் மெடலுக்கு வெண்கல நிறத்தைக் கலக்க அவளுக்கு ஒரு காலைப்பொழுது பிடித்தது. எனக்கு அப்போது பதினோரு வயசு. படங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஸ்டூடியோவுக்குப் போனபோது ஹால் கமிட்டியின் காரியதரிசி அங்கே காத்திருந்தார். தாசில்தாராக இருந்து ரிட்டயரான மனிதர். ஒவ்வொரு படமாகக் கையில் எடுத்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, அத்தனை பேரும் அடுப்புக்கரி மாதிரி இருக்காங்க? ஜில்லாவுலேர்ந்து துரை வந்து பார்க்கப் போறார். பட்டாளத்துக்காரன்னா மூஞ்சியில ஒரு களை வேணாமா? எல்லாரையும் சிவப்பாக்கு."

"அவங்க நெறமே அதாங்க" என்றாள் அம்மா.

"நிறம் எனக்குத் தெரியாதா? சொன்னதைச் செய்."

பன்னிரண்டாவது படம் கைக்கு வந்ததும் அவர் முகம் மாறியது. அது இவள் புருஷன் என்று அவருக்குத் தெரியாது. "இது இப்படியே இருக்கட்டும். சும்மா மூட்டை தூக்கப் போன ஆள்தானே. மெடல்கூட வெண்கலம், சரியாத்தான் போட்டிருக்கே. இதுக்கெதுக்குச் சிவப்பு?"

நாயுடுவுக்கு எல்லாம் தெரியும். அவர் தலையைக் குனிந்து மேசையிலிருந்த பசைச் சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தலைகுனிவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. காரியதரிசியையாவது தெரியாதவர் என்று விட்டுவிடலாம்.

அம்மா பதினொரு பேரையும் சிவப்பாக்கினாள். ரோஜா நிறமும் மஞ்சளும் கலந்து, காவேரிப்பாக்கத்து ஹவில்தார் முதல் சத்துவாச்சாரிச் சிப்பாய் வரை எல்லாரையும் துரைமார் வீட்டுப் பிள்ளைகளைப்போல ஆக்கி வைத்தாள்.  கடைசியாக அப்பாவின் படத்தை எடுத்தாள். முகத்தைத் தொடவில்லை. மெடலிலிருந்த வெண்கல நிறத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு வெள்ளி நிறம் வைத்தாள்.

"அம்மா, அப்பாது வெங்கலமாச்சே" என்றேன்.

"பதினோரு பேரு மூஞ்சி பொய்யா இருக்கலாம், இந்த ஒரு மெடலு பொய்யா இருக்கக்கூடாதா?" என்றாள்.

ஹால் திறந்த அன்று காலையில் கொடிகள், பேண்டு, நாற்காலிகள் எல்லாம் அமர்க்களப்பட்டன. தோல் ஷாப் ஜனங்களை உள்ளே விடவில்லை. எங்களோடு அப்பாவும் வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றார். படம் உள்ளே தொங்க, படத்திலிருந்த ஆள் வெளியே நிற்கிறார் என்பது அங்கே யாருக்கும் உறுத்தவில்லை. கூட்டம் முடிகிற சமயத்தில் சிப்பாய்களில் ஒருவன் கண்ணில் அந்த மெடல் பட்டுவிட்டது. உள்ளே சலசலப்பு. அப்பாவைக் கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"உனக்கு எப்பய்யா வெள்ளி மெடல் குடுத்தாங்க?" என்று காரியதரிசி எல்லார் முன்னாலும் கேட்டார்.

அப்பா சுவரைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. "என்து வெங்கலந்தாங்க" என்றார்.

நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. ரோஜா நிறத்தில் பதினொரு பொய்கள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நேர் கீழே அவற்றின் சொந்தக்காரர்கள் கறுத்த முகங்களோடு உட்கார்ந்து, என் அப்பாவைப் பொய்யன் என்று பார்த்துச் சிரித்தார்கள். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி அவர் கையில் திணித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் அப்பா கோபப்பட்டது அவர்கள்மேல் அல்ல, அம்மாமேல்.

"வெள்ளி வோணும்னு நான் எப்பனா கேட்டனா, ரெபேக்கா? பஸ்ரா ஆத்தாண்ட படகு வந்து நிக்கும். முட்டி வரிக்கும் சேறு. அடிபட்டவன தோள்ல போட்டுக்கினு ஏறினது நாங்க. எங்கூட வந்தவன் ஏழு பேரு காய்ச்சல்ல அங்கியே பூட்டான். அவனுங்களுக்கெல்லாம் வெங்கலந்தான். எனுக்கு மட்டும் நீ வெள்ளி பூசுனா, நான் அவனுங்கள வுட்டுட்டு இந்தாண்ட வந்துட்டவன் மாரி ஆய்டாது?"

 "தப்புதான்" என்றாள் அம்மா. அதோடு அவள் அழுதுவிட்டுப் படுத்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திராது. அவள் அப்போதே உட்கார்ந்து, மெடலில் வெள்ளியைத் துடைத்து, பழையபடி வெண்கலம் வைத்தாள்.

மறுநாள் காலையில் டர்பன்டைன் புட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, படத்தைத் தான் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தாள். வாட்ச்மேனுக்கு அவளைத் தெரியும். "கலர் சரி பண்ணணும்" என்றதும் கதவைத் திறந்துவிட்டான். அவள் சொன்னது பொய்யில்லை. பதினொரு படங்களையும் இறக்கி, சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினாள். எண்ணெய்க் கலர் காய நாளாகும், அதனால் இன்னும் துடைக்க வந்தது. டர்பன்டைனில் நனைத்த பஞ்சை நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொரு முகத்திலிருந்தும் ரோஜா நிறத்தைத் துடைத்தெடுத்தாள். முகத்தை மட்டும்தான். காக்கிச் சட்டை அப்படியே இருந்தது; வெள்ளி மெடல்களைத் தொடவே இல்லை.

"அத ஏம்மா வுட்டுட்ட?"

"அது அவங்குளுது. நெசம்."

பன்னிரண்டையும் மாட்டிவிட்டுப் பார்த்தோம். பதினொரு சாம்பல் முகங்கள். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு முகம் மட்டும் உயிர் நிறத்தோடு எங்களைப் பார்த்தது. அம்மா சிரித்ததை அந்த வாரம் முழுக்க அப்போதுதான் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததை ஊகிக்கக் கஷ்டமில்லை. "திமிர் பிடிச்சவ" என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. நாயுடு அதன்பின் எங்கள் வீட்டுக்கு ஒரு படம்கூட அனுப்பவில்லை. அம்மா போர்டிங் பள்ளியில் ஆயாவாகப் போய்ச் சேர்ந்தாள். அத்தனை பேரில் காவேரிப்பாக்கத்து ஹவில்தார் ஒருவர் மட்டும் ஒருநாள் மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றார். அன்று நாற்காலியில் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். துணியில் சுற்றிய தன் படத்தின் இன்னொரு பிரதியை நீட்டி, "எம்மூஞ்சிய எம்மூஞ்சியாவே போட்டுக் குடும்மா. எம்பொண்ணு அந்தச் செவப்பு மூஞ்சியப் பாத்துட்டு யாருப்பா இதுன்னு கேட்டுட்டா" என்றார். அம்மா போட்டுக் கொடுத்தாள். அப்பாவும் அவரும் வாசலில் உட்கார்ந்து பஸ்ராவின் ஈக்களைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். போகும்போது அவர் அப்பாவைப் பார்த்து, "அன்னிக்கி நான் சிரிச்சிருக்கக்கூடாதுப்பா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கமிட்டி சென்னையிலிருந்து ஓர் ஆளை வரவழைத்து, பதினொரு முகங்களையும் மறுபடி சிவப்பாக்கியது. அப்பாவின் படம் சுவரில் இல்லை. அம்மா போய்க் கேட்டதற்கு, "அப்படி ஒரு படம் இங்கே கிடையாதே" என்று காரியதரிசி பதில் சொன்னார். அவர் கிழித்தாரா, எரித்தாரா, பரணில் போட்டாரா, இன்றுவரை தெரியாது. நாயுடுவிடம் கண்ணாடி நெகடிவைக் கேட்டோம். உடைந்துவிட்டது என்றார். பன்னிரண்டில் அது ஒன்று மட்டும்தான் உடைந்ததாம்.

அந்த ஹால் இப்போது இல்லை. இடித்துவிட்டு செருப்புக் கடைகள் கட்டிவிட்டார்கள். இடிப்பதற்கு முன்பே அந்தப் பதினொரு படங்களையும் கரையான் தின்றுவிட்டது என்று சொன்னார்கள். சொன்னவர் நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தார், எனக்கு வருத்தம் வரவில்லை. அம்மா போனாள், அப்பா அவளுக்கு முன்பே போனார். என் பேத்திகள் "உங்க அப்பா எப்படி இருப்பாரு?" என்று கேட்கிறார்கள். நெற்றி அகலம் என்கிறேன், நல்ல கறுப்பு என்கிறேன், சிரித்தால் இடது பக்கம் உதடு கொஞ்சம் மேலே போகும் என்கிறேன். சொல்லச் சொல்ல, நான் சொல்வது அவர் முகமா அல்லது நானாக இட்டுக்கட்டுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. கமிட்டிக்காரர்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு படத்தை அல்ல.